கப்பல் மாலுமிகளின் உடல்நலம்: மெடிக்கல் எடுப்பது முதல் இழப்பீடு பெறுவது வரை முழுமையான வழிகாட்டி

கேப் டவுனிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 5,600 கடல்மைல். 13 நாட் (மணிக்கு 13 கடல்மைல்) வேகத்தில் ஓடும் சரக்குக் கப்பலுக்கு அது 18 நாள் பயணம். அந்தப் பதினெட்டு நாட்களில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தாலும் கை நசுங்கினாலும், கப்பலில் இருக்கும் இருபது சொச்சம் பேருக்குள்தான் மருத்துவம் நடக்க வேண்டும். அவர்களில் டாக்டர் ஒருவரும் இருக்கமாட்டார். 100 பேரோ அதற்கு மேலோ பயணம் செய்து, மூன்று நாட்களுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணத்தில் வழக்கமாக ஈடுபடும் கப்பலில்தான் தகுதி பெற்ற மருத்துவர் இருந்தாக வேண்டும் என்கிறது கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. எம்.எல்.சி. 2006 என்று நாம் சொல்வது அதைத்தான். மற்ற கப்பல்களில் மருத்துவப் பராமரிப்புக்கோ முதலுதவிக்கோ பயிற்சி பெற்ற ஒரு மாலுமி இருந்தால் போதும். பெரும்பாலும் அந்தப் பொறுப்பு செகண்ட் மேட் என்ற டெக் அதிகாரியின் தலையில் விழும்.

நானும் சில ஆண்டுகள் அந்த மருந்தறைச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்தவன். மாலுமி தன் உடம்பைப் பற்றி உரிய நேரத்தில் சொன்னாரா, சொன்னது காகிதத்தில் ஏறியதா என்ற இரண்டு கேள்விகள்தான் சிகிச்சையையும் பின்னால் வரும் பணத்தையும் தீர்மானிக்கின்றன என்பது அந்த ஆண்டுகளில் நான் கண்டது. கீழே எழுதியிருப்பவை முக்கியமாக இந்திய சி.டி.சி. (மாலுமியின் அடையாளமும் பணிப்பதிவும் உள்ள கையேடு) வைத்திருக்கும் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கானவை. எம்.எல்.சி. 2013 ஆகஸ்ட் 20 அன்று உலக அளவில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015 அக்டோபரில் அதை ஏற்றது, ஓராண்டு கழித்து இங்கும் நடைமுறைக்கு வந்தது.

கப்பல் ஏறுமுன்: மெடிக்கல்

மருத்துவச் சான்றிதழை, கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே எடுக்க வேண்டும். அந்தப் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது; ஏஜென்ட் சொல்லும் டாக்டரின் பெயர் அதில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது. சான்றிதழ் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். 18 வயது நிரம்பாதவருக்கு ஓராண்டுதான். நிறப்பார்வைச் சோதனை ஆறு ஆண்டுகளுக்குச் செல்லும். கடலில் இருக்கும்போது சான்றிதழ் காலாவதியானால், அடுத்து மருத்துவர் கிடைக்கும் துறைமுகம் வரை அது செல்லுபடியாகும் என்றாலும் அந்த அவகாசம் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே ஒப்பந்தம் ஒன்பது மாதம் என்றால், சான்றிதழில் ஒன்பது மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொண்டு ஏறுங்கள்.

இந்தக் கட்டத்தில் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு மறைப்பது. இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு நாள் முன்பே இரட்டிப்பாக விழுங்கிவிட்டுச் சோதனைக்குப் போவார்கள். சர்க்கரையைச் சொல்ல மாட்டார்கள். பழைய முதுகெலும்பு அறுவைச் சிகிச்சையின் தழும்பைக் கேட்டால் சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்த கதை வரும். சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எம்.எல்.சி.யின்படி கப்பல் உரிமையாளர் செலவை ஏற்க மறுப்பதற்கு இடமளிக்கும் காரணங்களில் ஒன்று, பணியில் சேரும்போது நோயை வேண்டுமென்றே மறைத்தது. நடுக்கடலில் சர்க்கரை ஏறி மயங்கி விழுந்தவரின் பையில் பழைய மருத்துவச் சீட்டு அகப்பட்டால், மருத்துவமனைக் கட்டணம் குடும்பத்தின் மேல் விழ வழி திறந்துவிடும். மாறாக, கட்டுக்குள் இருக்கும் நோயைச் சொன்னவர் எல்லோரும் தகுதியிழப்பதில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பும் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து வகுத்த பரிசோதனை நெறிமுறைகள் ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே பார்க்கச் சொல்கின்றன. கரையோரப் பயணம் மட்டும் என்பது போன்ற வரம்புடன் தகுதி வழங்கவும் அவற்றில் இடமுண்டு. தகுதியில்லை என்று எழுதிவிட்டாலும் வேறொரு சுயேச்சையான மருத்துவரிடம் மறுபரிசோதனை கேட்பது உங்கள் உரிமை.

சோதனை முடிந்ததும் இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, செவித்திறன் சோதனை ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு வாங்கி வீட்டில் ஒரு கோப்பில் வையுங்கள். செவித்திறன் வரைபடம் மிக முக்கியம். பதினைந்து வருடம் எஞ்சின் அறையில் வேலை செய்து காது மந்தமான பிறகு, தொடக்கத்தில் அது நன்றாக இருந்தது என்று காட்ட அந்த ஒரு தாளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

பெட்டியில் வைக்க வேண்டியவை

தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் ஒப்பந்தக் காலத்துக்கும் அதற்கு மேல் இரண்டு மாதத்துக்கும் போதுமான அளவு, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவச் சீட்டுடன், மூல அட்டையிலேயே எடுத்துச் செல்லுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிராமடால் வலி மாத்திரையும் வளைகுடா நாடுகளில் கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைத்தது என்ற விளக்கம் அங்கே எடுபடாது. கண்ணாடி அணிபவர் இன்னொரு ஜோடி எடுத்துச் செல்ல வேண்டும். சொத்தைப் பல் இருந்தால் ஊரிலேயே அடைத்துவிட்டு ஏறுங்கள், ஏனென்றால் கடலில் பல்வலிக்கு மாத்திரைதான் உண்டு.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அதன் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். பழைய அட்டையில் பத்து ஆண்டு என்று அச்சிட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டியதில்லை. அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் நோய் பரவும் நாட்டிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

ஏறிய முதல் நாள்

தீயணைப்புக் கருவிகள் இருக்கும் இடத்தைக் காட்டும்போதே மருத்துவ அறையையும் பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர், கண் கழுவும் நீர் ஆகியவை உங்கள் வேலையிடத்திலிருந்து எத்தனை அடி தூரம் என்பது தெரிந்திருக்க வேண்டும். மெஸ் அறையிலோ பலர் பார்க்கும் வேறு இடத்திலோ நிதிப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் மாட்டியிருக்கும். உரிமையாளர் மாலுமிகளைக் கைவிட்டால் ஒன்று, மரணத்துக்கும் நீண்டகால ஊனத்துக்கும் இன்னொன்று என்று 2017 ஜனவரி முதல் இவை கட்டாயம். அதில் இருக்கும் காப்பீட்டாளரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் போனில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் வேலை ஒப்பந்தத்தின் நகலும், அதனோடு இணைந்த, தொழிற்சங்கம் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தமும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும்.

மருந்தறைப் பொறுப்பாளரிடம் ஒவ்வாமை, இரத்த வகை, அன்றாட மருந்து ஆகியவற்றைத் தனியாகச் சொல்லுங்கள். கப்பலின் மருத்துவ அறிக்கைப் படிவமும் அதில் உள்ளவையும் இரகசியமாக வைக்கப்பட வேண்டியவை; சிகிச்சைக்கு மட்டுமே பயன்பட வேண்டியவை. மெஸ் அறைப் பேச்சுக்கு அவை வந்தால் அது முறைகேடு.

வேலையில் உடம்பைத் தின்னும் ஆபத்துகள்

மூடிய இடங்கள்தான் முதலில். பேலஸ்ட் டாங்க், செயின் லாக்கர், சரக்கறைக்கு இறங்கும் ஏணிக் கூண்டு, பம்ப் அறை ஆகியவற்றில் காற்று நம்மை ஏமாற்றும். இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனைத் தின்கிறது. நிலக்கரியும் மரத்துகள் உருண்டையும் மரக்கட்டையும் அதையே செய்கின்றன. அந்தக் காற்றுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்தில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். கத்திக் கூப்பிட நேரம் இருக்காது. ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை வாசனையை நம்பவும் கூடாது, ஏனென்றால் செறிவு கூடும்போது அது மூக்கின் மோப்பத்தையே மரத்துப்போக வைக்கிறது. வாசனை போய்விட்டது என்று நினைக்கும் கணம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் கணம்.

இறங்குவதற்கு முன் காற்றோட்டம் கொடுத்து, மேல், நடு, அடி என்று மூன்று மட்டங்களில் அளந்து பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 21 சதவீதம் காட்ட வேண்டும். எரியும் வாயு அதன் கீழ் எரிவரம்பில் (அது தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அளக்கும் கருவி கப்பலில் இருந்தாக வேண்டும் என்பது 2016 ஜூலை முதல் சட்டம். மூடிய இடத்து மீட்புப் பயிற்சி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும் என்பது 2015 முதல் விதி. உள்ளே ஒருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் இறங்காதீர்கள். அலாரம் அடியுங்கள், மூச்சுக் கருவி அணிந்த குழு வரட்டும். பல விபத்துகளில் முதலில் விழுந்தவரோடு, அவரைத் தூக்கப் போனவரும் இறந்திருக்கிறார். கூடப் பிறந்தவன் போலப் பழகிய ஒருவன் கீழே கிடக்கும்போது மேலேயே நில் என்று எழுதுவது எளிது, நிற்பது கடினம். அதனால்தான் பயிற்சியில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலையாமல் உண்மையாகவே செய்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

அடுத்தது வெப்பம். கோடையில் பாரசீக வளைகுடாவில் எஞ்சின் அறைக்குள் 45 டிகிரி தாண்டுவது புதிதல்ல. தலைவலி, தசைப்பிடிப்பு, குமட்டல் என்று தொடங்கும்போதே வெளியே வந்து உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் குடிக்க வேண்டும். ஒருவர் உளறத் தொடங்கினாலோ, தடுமாறினாலோ, உடல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டாலோ அது வெப்பத்தாக்கு. உடையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் நீரூற்றி, விசிறி வைத்துக் குளிர்விப்பதுதான் முதல் வேலை, போனும் படிவமும் அதன் பிறகு.

சத்தம் மெல்லக் கொல்லும் வகை. 85 டெசிபலுக்கு மேல் உள்ள இடத்தில் காதுக்கவசம் கட்டாயம். டெக்கில் துரு தட்டும்போதும் அது வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டாங்கர்களில் பென்சீன் கலந்த சரக்கைக் கையாள்பவர்கள் நீண்டகாலத்தில் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகலாம். அளவெடுக்கும்போது காற்று வரும் பக்கம் நில்லுங்கள், முகமூடி வடிகட்டியின் ஆயுளைக் குறித்து வையுங்கள். சரக்கறை கழுவும் காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால், யாரையும் கூப்பிடும் முன்பே, இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு ஓடும் நீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவ வேண்டும்.

களைப்பையும் தொழில் நோயாகவே நான் கணக்கிடுகிறேன். எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி ஓய்வு, ஏழு நாளில் 77 மணி. அதை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, ஒரு துண்டாவது 6 மணி இருக்க வேண்டும். ஓய்வு நேரப் பதிவேட்டில் பொய் எழுதச் சொன்னால் பலரும் எழுதித் தருகிறார்கள். அன்றைக்கு விரல் போனால், நீங்கள் நன்றாகத் தூங்கி எழுந்தவர் என்று உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

மனமும் இதில் அடங்கும். 2020-இல் கொரோனா நாட்களில் ஏறத்தாழ நான்கு லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க வழியின்றிக் கப்பலிலேயே கிடந்தார்கள். தூக்கம் கெடுவது, மெஸ்ஸுக்கு வராமல் கேபினிலேயே சாப்பிடுவது, யாரோடும் பேசாமல் பின்டெக்கில் தனியாக நிற்பது ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து தெரிந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். மாலுமிகளுக்கான தொண்டு அமைப்புகளின் இலவச உதவித் தொலைபேசிகள் இரவு பகலாக இயங்குகின்றன. அழைப்பது கப்பலுக்குத் தெரிய வேண்டியதில்லை.

உடம்புக்கு முடியாமல் போனால்

ஒரு பல்க் கேரியரில் ஃபிட்டர் ஒருவர் ஹாட்ச் கவர் (சரக்கறை மூடி) ஓரத்தைக் கிரைண்டரில் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார், பக்கவாட்டில் மூடியில்லாத கண்ணாடி. பொறி ஒன்று உள்ளே போனது. தூசி என்று நினைத்துக் கையால் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மூன்றாம் நாள் காலை வெளிச்சத்தையே பார்க்க முடியாமல் என்னிடம் வந்தபோது, டார்ச் ஒளியில் கருவிழி ஓரத்தில் கடுகில் பாதி அளவு புள்ளியும் அதைச் சுற்றிப் பழுப்பாக ஒரு துரு வளையமும் தெரிந்தன. அடுத்த துறைமுகத்தில் கண் மருத்துவர் எடுத்துவிட்டார், பார்வை தப்பியது. ஆனால் முதல் நாள் பதிவில் ஒரு வரியும் இல்லாததால், இது கப்பலில்தான் நடந்ததா என்று அந்தக் கம்பெனி இரண்டு மாதம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.

ஆகையால் காயம் சிறிதானாலும் அன்றைக்கே சொல்லுங்கள். நேரம், இடம், என்ன வேலை, யார் பார்த்தது ஆகியவை விபத்து அறிக்கையிலும் லாக் புத்தகத்திலும் ஏற வேண்டும். அறிக்கையை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், நகலைக் கேளுங்கள். கொடுத்த மருந்தும் அளவும் மருத்துவப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். மார்ஃபின் போன்றவை கேப்டனின் பூட்டிய பெட்டியில் தனிப் பதிவேட்டோடு இருக்கும்.

வானொலி வழி மருத்துவ ஆலோசனை

பலருக்குத் தெரியாத சலுகை இது. எந்தக் கொடியின் கீழ் ஓடும் கப்பலானாலும் 24 மணி நேரமும் இலவசமாக மருத்துவ ஆலோசனை பெற உடன்படிக்கையில் இடமுண்டு. ரோம் நகரில் 1935-இல் தொடங்கிய சி.ஐ.ஆர்.எம். நிலையம் அன்றிலிருந்து கடலில் உள்ளவர்களுக்கு மருத்துவம் சொல்லி வருகிறது. வானொலியின் முன்னோடி மார்க்கோனி அதன் முதல் தலைவராக இருந்தார். இன்மார்சாட் செயற்கைக்கோள் தொடர்பு வழியாக 32 என்ற சிறப்பு எண் ஆலோசனைக்கு, 38 மருத்துவ உதவிக்கு. செலவாகுமே, கம்பெனி திட்டுமே என்று தயங்கத் தேவையில்லை. இரவு இரண்டு மணிக்கும் மறுமுனையில் மருத்துவர் இருப்பார்.

அவருக்கு நோயாளியைப் பார்க்க முடியாது, நம் கண்ணும் கையும்தான் அவருடையவை. வயிறு வலிக்கிறது, என்ன மாத்திரை தரலாம் என்று அனுப்பினால் பதிலாகப் பத்துக் கேள்வி வரும், ஒரு மணி நேரம் போகும். இப்படி அனுப்பிப் பாருங்கள்: ஆண், 34 வயது, பம்ப்மேன். நேற்று மாலை 6 மணிக்குத் தொப்புளைச் சுற்றி வலி தொடங்கியது. இன்று அதிகாலை 4 மணி முதல் வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருக்கிறது. இருமுறை வாந்தி, பசியில்லை. வெப்பநிலை 38.2, நாடி 104, இரத்த அழுத்தம் 124/78, மூச்சு நிமிடத்துக்கு 20, ஆக்சிஜன் செறிவு 98. வலது அடிவயிற்றை மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுக்கும்போது வலி கூடுகிறது. ஒவ்வாமை இல்லை, இதுவரை மருந்து தரவில்லை. கப்பல் இருக்குமிடம் இது, அருகிலுள்ள துறைமுகத்துக்கு 52 மணி நேரம். இதைப் படிக்கும் மருத்துவர் குடல்வாலைத்தான் முதலில் நினைப்பார். பதில் வரும் வரை பேதி மருந்தும் உணவும் கொடுக்காமல் படுக்க வையுங்கள். நாடியையும் வெப்பநிலையையும் தொடர்ந்து அளந்து, நேரத்தோடு எழுதிக்கொண்டே போங்கள். அந்த எண்களின் ஏற்ற இறக்கம்தான் கப்பலைத் திருப்புவதா என்பதை முடிவு செய்யும்.

காயத்துக்கும் தோல் நோய்க்கும் படம் அனுப்பலாம். ஹெலிகாப்டர் என்பது கரைக்கு அருகே மட்டுமே நடக்கும் காரியம். அதற்கு மேல் கப்பலே துறைமுகத்தை நோக்கித் திரும்ப வேண்டும். இந்தியக் கடற்பகுதியில் கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் மும்பை, சென்னை, போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஆகிய இடங்களில் உள்ளன. உடனடி மருத்துவம் தேவைப்படுபவரைத் தாமதமின்றி இறக்கிக் கரையில் சிகிச்சை தருவது நாடுகளின் கடமை என்று 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் சொல்கிறது. கொரோனா காலத்தில் துறைமுகங்கள் கதவடைத்த அனுபவத்துக்குப் பிறகு வந்த வரி அது.

துறைமுகத்திலும் ஊர் திரும்பிய பின்னும்

வாய்ப்புள்ள துறைமுகத்தில் டாக்டரையும் பல் மருத்துவரையும் பார்ப்பது உங்கள் உரிமை; பணியிலிருக்கும் காலத்தில் அதற்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. சரக்கு வேலை இருக்கிறது, அடுத்த போர்ட்டில் பார்க்கலாம் என்று இழுத்தடித்தால் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். கப்பலிலேயே உள்ள புகார் முறை பலனளிக்காவிட்டால் துறைமுக நாட்டின் ஆய்வாளரிடமோ ஐ.டி.எஃப். (சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு) ஆய்வாளரிடமோ சொல்லலாம். வெளிநாட்டு மருத்துவமனையில் புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்துக் கேட்டால், மொழிபெயர்ப்புக் கேளுங்கள்.

நோயாலோ காயத்தாலோ சைன் ஆஃப் ஆகும்போது, அதாவது பணி முடித்துக் கப்பலிலிருந்து இறங்கும்போது, சி.டி.சி.யிலும் இறங்கும் தாளிலும் காரணம் மருத்துவம் என்று இருக்க வேண்டும். சொந்த விருப்பத்தால் என்று எழுதி நீட்டினால் கையெழுத்திடாதீர்கள், ஏனென்றால் பயணச் செலவு, சம்பளம், சிகிச்சை எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்குகின்றன. உரிமையாளர் நீங்கள் குணமாகும் வரை, அல்லது நிலை நிரந்தரமானது என்று அறிவிக்கப்படும் வரை, சிகிச்சையும் தங்குமிடமும் உணவும் தர வேண்டும். நாட்டுச் சட்டம் இதற்கு வரம்பு வைத்தாலும் அது 16 வாரத்துக்குக் குறையக் கூடாது. கப்பலில் இருக்கும் வரையும் ஊர் திரும்பும் வரையும் முழுச் சம்பளம் உண்டு. அதன் பிறகு எவ்வளவு, எத்தனை நாள் என்பதைச் சட்டமும் கூட்டு ஒப்பந்தமும் தீர்மானிக்கும். பல ஒப்பந்தங்கள் அந்தக் குறைந்தபட்சத்தைவிடத் தாராளமானவை.

வீட்டுக்கு வந்ததும் ஓய்வெடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்துவிடாமல், இரண்டொரு நாளிலேயே ஏஜென்சிக்கு மின்னஞ்சலில் தகவல் கொடுத்து, அவர்கள் காட்டும் மருத்துவரைப் பாருங்கள். அவர் முடிவில் ஐயம் இருந்தால் சொந்த மருத்துவரிடமும் எழுத்தில் கருத்து வாங்குங்கள். இருவரும் முரண்பட்டால் மூன்றாவது மருத்துவரின் முடிவுக்கு விடும் வழி பல கூட்டு ஒப்பந்தங்களில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களைத் தொட்டு வந்தவருக்குப் பல வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், மலேரியா நினைவுக்கு வரும்படி தூத்துக்குடி டாக்டரிடம் பயண விவரத்தைச் சொல்லியாக வேண்டும்; கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஊன இழப்பீட்டுக் காசோலையோடு ஒரு விடுவிப்புப் பத்திரம் வரும். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி அதில் இருக்கும். ஒப்பந்தப்படி வர வேண்டிய தொகை முழுதாக வந்திருக்கிறதா என்று தொழிற்சங்கத்தையோ வழக்கறிஞரையோ கேட்காமல் அதில் ஒப்பமிடாதீர்கள். மறுபடி கப்பலேறத் தகுதி என்று மருத்துவர் எழுதித் தரும் நாளில், இறங்கிய நாள் முதல் சேர்ந்த தாள்களை எல்லாம் அந்தப் பழைய செவித்திறன் வரைபடம் இருக்கும் கோப்பிலேயே போட்டு, அடுத்த மெடிக்கலுக்குப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.